மதிப்பெண்ணுக்கு அடகு போகும் பிள்ளைகள்



நீட் தேர்வு முடிவு வரும் நாட்களில் நம் ஊர்களில் ஒரு கேள்வி தெருத்தெருவாகச் சுற்றுகிறது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும்போதும் கேட்கிறார்கள். வலீமா விருந்தில் ஸஹனில் கை வைத்தபடியும் கேட்கிறார்கள். கடைக்கு அரிசி வாங்க வந்தவரும் கேட்கிறார். "மகன் நீட் எழுதினானே, எத்தனை வந்தது?"

கேட்பவருக்கு அது ஸலாமுக்கு அடுத்த வார்த்தை. பதில் சொல்ல வேண்டிய பதினேழு வயதுப் பிள்ளைக்கோ அது ஒரு விசாரணை. அந்தப் பிள்ளை முதலில் கடைத்தெருவுக்கு வருவதை நிறுத்துகிறான். பிறகு பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்துகிறான். அதன்பின் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை. மதிப்பெண்ணை மட்டும் கேட்கிறோம்!

நம் பிள்ளைகள் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறே இல்லை. நம் பெண்கள் கூச்சமில்லாமல் போய் நோயைச் சொல்ல, நம் தெருவிலேயே ஒரு பெண் டாக்டர் இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் அந்த ஆசையின் முழுப் பாரத்தையும் ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றி, அதன் மேல் குடும்ப மானத்தையும் மூட்டையாக வைத்து, மூன்று மணி நேரத் தேர்வுக்கு அனுப்புகிறோமே, அது நியாயமா?

கணக்கைப் பாருங்கள்

வியாபாரிகளுக்கு நாம் கணக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2025ல் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். அரசு, தனியார் எல்லாம் சேர்த்து நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம். சுமார் 18 பேருக்கு ஓர் இடம். அந்த 18 பேரும் அறிவாளிகளாகவே இருந்தாலும், 18 பேரும் இரவு பகலாகப் படித்திருந்தாலும், 17 பேர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். இடம் அவ்வளவுதான். அப்படித் திரும்பும் பிள்ளையை "உருப்படாதவன்" என்று திட்டுவது, நாற்பது இருக்கைகள் உள்ள பஸ்ஸில் இடம் கிடைக்காதவனைப் பார்த்து "உனக்கு உட்காரத் தெரியவில்லை" என்று சொல்வதற்குச் சமம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024ல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720க்கு 720 வாங்கியதாக அறிவிப்பு வந்தது. கருணை மதிப்பெண், வினாத்தாள் கசிவு என்று அந்த ஆண்டின் தேர்வு உச்ச நீதிமன்றம் வரை போனது. மறு ஆண்டு 2025ல் நாடு முழுவதிலும் முதலிடம் பெற்றவரின் மதிப்பெண்ணே 686தான். ஒரே ஆண்டில் நாட்டுப் பிள்ளைகளின் மூளை குறைந்துவிட்டதா? இல்லை. வினாத்தாள் கடினமாக இருந்தது. ஆகவே, "போன வருஷம் அடுத்த வீட்டுப் பையன் 600க்கு மேல் எடுத்தான், நீ இவ்வளவுதானா?" என்று கேட்பதில் பொருளே இல்லை. படியால் அளந்ததையும் தராசில் நிறுத்ததையும் ஒன்றாக வைத்து எந்த வியாபாரியும் கணக்கு முடிப்பதில்லை.

தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு என்பதும் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. 2025ல் தகுதி பெற்றவர்கள் மட்டும் 12 லட்சத்துக்கு மேல். "என் மகள் நீட் பாஸ்" என்று மிட்டாய் கொடுத்துவிட்டு, பிறகு இடம் இல்லை என்றதும் "நீ ஏமாற்றிவிட்டாய்" என்பதுபோல் பிள்ளையைப் பார்க்கும் வீடுகள் உண்டு. பிள்ளை ஏமாற்றவில்லை. கணக்குத் தெரியாமல் மிட்டாய் வாங்கியது நாம்.

பாரத்தைக் கூட்டுவது யார்?

தேர்வு கடினமானது, உண்மை. ஆனால் பிள்ளைகளை நொறுக்குவது தேர்வு மட்டுமா?

"உனக்காகக் கடையின் முதலையே எடுத்துக் கோச்சிங் கட்டியிருக்கிறேன்" என்று தினமும் சொல்லிக்காட்டும் அத்தா. "மாமி மகள் சேர்ந்துவிட்டாள்" என்று சோற்றுத் தட்டின் முன் நினைவூட்டும் உம்மா. தேர்வு எழுதும் முன்பே "டாக்டர் மாப்பிள்ளை" என்று கேலி பேசும் உறவுகள். இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். பாசத்தால் பேசுகிறார்கள். பாசத்தால் வைத்தாலும் கல் கல்தானே!

நம் பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். "இந்த ஒரு தடவைதான். கிடைக்கவில்லையென்றால் நிக்காஹ்" என்று தவணை வைத்துத் தேர்வுக்கு அனுப்புகிறோம். அவள் எழுதும் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் அந்தத் தவணை நிற்கிறது. ஆண் பிள்ளைக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பெண் பிள்ளைக்கு ஒரே முறை. இது எந்த நீதி?

பயிற்சி நிலையங்களும் தம் பங்குக்குச் செய்கின்றன. மதிப்பெண்ணை வைத்து வகுப்பைப் பிரிப்பது, குறைந்தவர் பெயரை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பது என்று நடக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் இருக்க வேண்டும். மதிப்பெண்ணைக் காட்டிப் பிள்ளைகளைப் பிரிக்கவோ, பலர் முன் அவமானப்படுத்தவோ கூடாது என்பன அவற்றில் உள்ளவை. பணம் கட்டும் தந்தையே! "உங்கள் நிலையத்தில் ஆலோசகர் யார்?" என்று கேட்டீர்களா? சரக்கு வாங்கும்போது பில் கேட்கிற நாம், பிள்ளையை ஒப்படைக்கும்போது இதைக் கேட்க வேண்டாமா?

மாணவ மணிகளே, உங்களுக்கு

தேர்வு 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4. தவறினால் 1 குறையும். உயிரியலில் மட்டும் 90 கேள்விகள். அதாவது மதிப்பெண்ணில் சரிபாதி. இந்த அமைப்பை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். கையில் நன்றாக இருக்கும் பாடத்தை முதலில் முடித்தால் பதற்றம் தணியும். தெரியாத கேள்வியைத் தாண்டிப் போவது தோல்வி அல்ல. வீம்புக்குக் குறிப்பதுதான் நட்டம்.

தூக்கத்தைத் திருடாதீர்கள். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். இரவு இரண்டு மணி வரை விழித்து, ஃபஜ்ரைத் தவறவிட்டு, காலை வகுப்பில் தூங்கி விழுவது உழைப்பு போலத் தெரியும், பலன் இராது. இஷாவுக்குப் பின் தாமதிக்காமல் படுத்து, ஃபஜ்ருக்கு எழுந்து, அந்த அமைதியான இரண்டு மணி நேரத்தைப் படிப்புக்குக் கொடுங்கள். ஐந்து வக்துத் தொழுகையே படிப்புக்கு நடுவில் எழுந்து, முகம் கழுவி, உடலை அசைக்கும் ஐந்து இடைவேளைகளைத் தந்துவிடுகிறது. அதை "நேரம் போகிறது" என்று விடாதீர்கள்.

2025ல் தேர்வு பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிந்தது. ஆகவே கடைசி இரண்டு மாதங்களில் மாதிரித் தேர்வை அதே நேரத்தில் எழுதிப் பழகுங்கள். சாப்பிட்டவுடன் கண் சொக்கும் நேரத்தில் மூளை வேலை செய்யப் பழக வேண்டும். ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்குப் பின்னும், எத்தனை வந்தது என்பதைவிட எங்கே தவறினோம் என்பதை ஒரு தனி நோட்டில் எழுதுங்கள். அதே பக்கத்தைப் பத்து முறை வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது அதிகமாகப் பதியும். குர்ஆனை மனனம் செய்யும் ஹாஃபிழ் மாணவர்கள் உஸ்தாத் முன் பாடம் ஒப்புவிக்கும் முறையும் இதுதானே!

தேர்வு நாளில் தொழுகை என்னாகுமோ, ஹிஜாப் என்னாகுமோ என்ற கவலையும் நம் பிள்ளைகளுக்கு உண்டு. 2 முதல் 5 வரை தேர்வு என்றால், லுஹரை வக்து வந்ததும் மையத்துக்கு அருகிலேயே முடித்துக்கொள்ளலாம். அஸருக்குத் தேர்வு முடிந்த பின் மஃரிபு வரை நேரம் இருக்கிறது. மத வழக்கப்படி உடை அணிந்து வருவோர் சோதனைக்காக முன்கூட்டியே வர வேண்டும் என்பதே விதி. வரவே கூடாது என்பதல்ல. அனுமதிச் சீட்டில் உள்ள நேரத்தைப் பார்த்து, அதற்கும் முன்னதாகப் போய்விடுங்கள்.

வாசலில் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அது கோழைத்தனம் அல்ல. ஆபத்து என்று நினைத்து உடல் தன்னைத் தயார் செய்கிறது, அவ்வளவுதான். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். நான்கைந்து முறை செய்தால் படபடப்பு இறங்கும். முயற்சி உங்களுடையது, முடிவு இறைவனுடையது. தவக்குல் என்ற சொல்லுக்குப் பொருள் இதுதான்.

இது ஈமான் குறைவு அல்ல

சில பிள்ளைகளுக்குப் பதற்றம் தேர்வோடு போவதில்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. நண்பர்களிடம் பேச்சு இல்லை. பிடித்த பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறான். "நான் இருந்து என்ன பயன்" என்கிறான். பெற்றோர்களே! இதை நாடகம் என்று எண்ணிவிடாதீர்கள். ஜின் பிடித்தது என்று தாயத்துக் கட்ட ஓடாதீர்கள். "ஈமான் பலவீனம்" என்று பயான் செய்யாதீர்கள். மஞ்சள் காமாலை வந்தால் டாக்டரிடம் போகிறோம் அல்லவா? மனதுக்கு வரும் நோயும் நோயே. அதற்கும் டாக்டர் உண்டு, மருந்து உண்டு, குணம் உண்டு. துஆவும் செய்யுங்கள், டாக்டரிடமும் போங்கள்.

அரசின் டெலி மானஸ் சேவை எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். இந்த இரு எண்களையும் வீட்டுச் சுவரில், கடையின் கல்லாப்பெட்டி அருகில் எழுதி ஒட்டுங்கள். இதைப் படிக்கும் மாணவ, மாணவியருக்கே அப்படி ஓர் எண்ணம் வந்திருந்தால், இன்றே இந்த எண்ணில் பேசுங்கள். வீட்டில் நம்பும் ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அந்த இருட்டு கடந்து போகும். கடந்து வந்தவர்கள் ஏராளம்.

மிம்பர் மேடையில் நிற்கும் ஆலிம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. தற்கொலை ஹராம் என்று சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் நீரில் மூழ்குபவனிடம் சட்டம் மட்டும் சொன்னால் போதுமா? கயிறும் வீச வேண்டாமா? நம் நாட்டில் 2022ல் மட்டும் தம் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,000க்கும் மேல் என்று அரசின் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. சென்னை குரோம்பேட்டையில் 2023 ஆகஸ்டில் நீட்டில் இடம் கிடைக்காத ஒரு மாணவனும், அவனை இழந்த துயரம் தாங்காத அவன் தந்தையும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். எந்தக் கல்லூரி இடம் அந்த வீட்டின் இழப்புக்கு ஈடாகும்?

ஒரே சரக்கில் முழு முதலா?

நம் கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள். முழு முதலையும் ஒரே சரக்கில் போடும் வியாபாரி உண்டா? பிள்ளையின் வாழ்க்கையை மட்டும் ஏன் ஒரே தேர்வில் போடுகிறோம்?

தேர்வுக்கு முன்பே, முடிவு வரும் முன்பே, வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இந்த முறை கிடைக்காவிட்டால் இன்னொரு முறையா, அதற்கு மேல் என்ன என்று முடிவு செய்யுங்கள். நீட் எழுத மேல்வயது வரம்பு 2022ல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பதினேழு வயதில் கதவு மூடிவிடுவதில்லை. கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம், வேளாண்மை ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தந்து வருகிறார்கள். இவற்றுக்கும் உரிய காலத்தில் விண்ணப்பம் போடுங்கள். நீட் மதிப்பெண் உள்ளவர்களுக்கு சித்தா, யுனானி போன்ற படிப்புகளும் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் 1979 முதல் அரசு யுனானிக் கல்லூரி இயங்கி வருகிறது. கையில் இரண்டு மூன்று வழிகள் இருக்கும் பிள்ளை தேர்வு அறையில் நிதானமாக எழுதுவான்.

விண்ணப்ப வேலையும் ஒரு மன உளைச்சல்தான். அதைப் பிள்ளையின் தலையில் போடாமல் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் ஒரே "முஹம்மது" பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றில் வேறு மாதிரி ஆங்கில எழுத்தில் இருக்கிறது! பிளஸ் ஒன் படிக்கும்போதே இதைச் சரிசெய்யுங்கள். 2007 முதல் நமக்குள்ள 3.5 சதவீத ஒதுக்கீட்டைப் பெற, லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, மாப்பிள்ளா என்று பிரிவைக் குறித்த சாதிச் சான்று வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு ஓ.பி.சி. சான்று தனி. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

எச்சரிக்கை ஒன்று. அரசு இடமானாலும், தனியார் நிர்வாக இடமானாலும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமானாலும் சேர்க்கை பொதுக் கலந்தாய்வின் வழியாகவே நடக்கிறது. "நான் சீட் வாங்கித் தருகிறேன்" என்று வருபவர் உங்கள் பணத்துக்குத்தான் வழி தேடுகிறார். ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும் நிகர்நிலைக் கட்டணத்துக்காக வீட்டை விற்று, வட்டிக்கும் வாங்கி, அந்தக் கடனையும் பிள்ளையின் மனதில் ஏற்றாதீர்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவோரும், திரும்பி வந்து எழுத வேண்டிய தகுதித் தேர்வில் பெரும்பாலோர் தேறாமல் போகிறார்கள் என்பதை விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

போராட்டம் நம்முடையது

இந்தத் தேர்வே அநீதி என்கிறீர்களா? அது வேறு பேச்சு. அந்தப் பேச்சும் தேவையானதே. தமிழ்நாடு 2006ல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை ஒழித்தது. 2017ல் நீட் உள்ளே வந்தது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடினாள். அந்த ஆண்டு செப்டம்பரில் அவளை இழந்தோம். 2021ல் சட்டமன்றம் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது; 2022ல் மீண்டும் நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்ற செய்தி வந்தது.

அந்தப் போராட்டத்தைத் தெருவிலும் நீதிமன்றத்திலும் வாக்குச் சாவடியிலும் நடத்த வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம். பிள்ளைகளைப் பார்த்து, "நீட் போய்விடும், படிக்க வேண்டாம்" என்று வாக்குறுதி கொடுத்து அரைமனதோடு தேர்வுக்கு அனுப்புவது துரோகம். தேர்வு இருக்கும்வரை அவன் எழுதட்டும். அதை அகற்றும் வேலையை நாம் செய்வோம்.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

முதல் மதிப்பெண் எடுத்தவருக்குப் பேனர் கட்டி, பொன்னாடை போர்த்துகிறோம். தவறியவன் வீட்டுக்கு யார் போகிறோம்? முடிவு வெளியாகும் நாளில் ஜமாஅத்தில் இரண்டு பெரியவர்கள், தேர்வு எழுதிய எல்லா வீட்டுக்கும் போய் "மதிப்பெண் கேட்க வரவில்லை, உன்னைப் பார்க்க வந்தோம்" என்று சொல்லி ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு வந்தால் என்ன?

மதரஸா கட்டடம் பகலில் பூட்டியே கிடக்கிறதே, அதில் ஓர் அறையைப் படிப்பறையாகத் திறந்து மின்விசிறி போட்டுக் கொடுக்கலாம். நெருக்கமான வீட்டில் பத்துப் பேர் சத்தத்தில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு அது பெரும் நிம்மதி. ஊரில் மருத்துவம் படிக்கும் மாணவ, மாணவியரை மாதம் ஒரு நாள் அழைத்துப் பேசச் சொல்லலாம். இரண்டாம் முறை எழுதிச் சேர்ந்தவரையும், இடம் கிடைக்காமல் வேறு துறையில் முன்னேறியவரையும் அவசியம் அழையுங்கள். சான்றிதழ்களுக்கு ஒரு முகாம் நடத்துங்கள்.

சகோதரர்களே! மருத்துவக் கல்லூரியில் இடம் இந்த ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டு வரும். வராமலே போனாலும் ரிஜ்க் வேறு வாசலால் வரும். நமக்கு அமானிதமாகத் தரப்பட்ட பிள்ளை போனால் எந்தக் கலந்தாய்வில் திரும்பக் கிடைக்கும்? அடுத்த முறை பள்ளிவாசல் படியில் அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது, "எத்தனை வந்தது?" என்று கேட்காமல், "சாப்பிட்டாயா? தூங்கினாயா?" என்று கேட்போமா?